தவ்பா (இஸ்லாம்)

தவ்பா (தௌபா எனவும் வழங்கும்) என்பது, ஒருவர் தாம் செய்த பாவத்தை உணர்ந்து வருந்தி, அதைக் கைவிட்டு, இறைவன்பால் மீளுதலைக் குறிக்கும் இஸ்லாமியக் கோட்பாடு ஆகும். தமிழில் இது பெரும்பாலும் பாவமன்னிப்பு என்று மொழிபெயர்க்கப்படுகிறது. எனினும் இஸ்லாமிய அறிஞர்கள் இதனை மன்னிப்புக் கோரும் சொல்லாக மட்டும் கொள்வதில்லை. கல்ப் எனப்படும் அக உள்ளத்தின் மீது பாவத்தால் படிந்த கறையை நீக்கும் செயலாகவும் விளக்குகின்றனர். இவ்விளக்கத்தின்படி, பாவம் என்பது கணக்கேட்டில் எழுதப்படும் குற்றம் மட்டுமன்று. அது செய்தவரின் உள்ளத்தையே மாற்றிவிடுகிறது. ஆகவே தவ்பாவும் அந்த உள்ளத்தை மீண்டும் சீராக்குவதாக இருத்தல் வேண்டும் என்பது இக்கோட்பாட்டின் மையக் கருத்தாகும்.

சொற்பொருள்

தவ்பா என்னும் அரபுச் சொல்லின் வேர்ப்பொருள் 'திரும்புதல்', 'மீளுதல்' என்பதாகும். குர்ஆனில் இவ்வினைச்சொல் மனிதருக்கும் இறைவனுக்கும் பொதுவாகப் பயன்படுத்தப்படுகிறது. மனிதர் பாவத்திலிருந்து இறைவன்பால் திரும்புகிறார். இறைவன் அருளுடன் மனிதர்பால் திரும்புகிறான். இறைவனின் திருப்பெயர்களுள் ஒன்றாகிய அத்-தவ்வாப் என்பது இவ்வேரிலிருந்து பிறந்ததே. பாவமன்னிப்பு என்ற தமிழ்ச் சொல் இறைவன் அளிக்கும் மன்னிப்பை உணர்த்துகிறதே தவிர, மனிதர் மேற்கொள்ளும் மீட்சியை நேரடியாக உணர்த்துவதில்லை. தமிழ் முஸ்லிம்கள் தவ்பா என்ற மூலச் சொல்லையே பேச்சிலும் எழுத்திலும் பரவலாகக் கையாளுகின்றனர்.

இதனோடு தொடர்புடைய மற்றொரு சொல் இஸ்திக்ஃபார் ஆகும். இது மன்னிப்பு வேண்டுதலைக் குறிக்கும். இதன் வேர்ச்சொல்லுக்கு 'மூடுதல்', 'மறைத்தல்' என்ற பொருள் உண்டு. நாவால் மன்னிப்பு வேண்டுவது இஸ்திக்ஃபார் என்றும், வாழ்க்கையின் திசையை மாற்றிக்கொள்வது தவ்பா என்றும் இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது வழக்கம்.

உள்ளத்தைக் குறிக்கும் கல்ப் என்ற சொல் 'புரளுதல்', 'மாறுதல்' என்ற பொருளுடைய வேரிலிருந்து வருகிறது. ஒரு நிலையில் நில்லாது புரண்டுகொண்டே இருப்பதால் உள்ளத்துக்கு இப்பெயர் அமைந்தது என அரபு அறிஞர்கள் விளக்குவர். இயல்பிலேயே புரளும் தன்மையுடைய உள்ளம் ஒருமுறை திரும்பினால் போதாது. அது மீண்டும் மீண்டும் திருப்பப்பட வேண்டும் என்ற கருத்து இச்சொல்லாய்வின் அடிப்படையில் முன்வைக்கப்படுகிறது.

உள்ளம் பற்றிய இஸ்லாமியப் பார்வை

கல்ப் என்பது மார்பிலுள்ள தசை உறுப்பையும் குறிக்கும். அறிதல், நம்புதல், விரும்புதல் ஆகியவற்றின் இருப்பிடமாகிய ஆன்மிக உள்ளத்தையும் குறிக்கும். சமய நூல்களில் பெரும்பாலும் இரண்டாவது பொருளே கொள்ளப்படுகிறது. குர்ஆன் உள்ளத்தின் பல நிலைகளைக் குறிப்பிடுகிறது. கல்லைப்போல் இறுகிய உள்ளம் (2:74), குருடாகிப்போன உள்ளம் (22:46), இறை நினைவால் அமைதியுறும் உள்ளம் (13:28) ஆகியன அவற்றுட் சில. மறுமை நாளில் செல்வமும் மக்களும் பயன் தர மாட்டா என்றும், குறையற்ற உள்ளத்துடன் வருபவரே பயனடைவார் என்றும் 26ஆம் அத்தியாயத்தின் 88, 89ஆம் வசனங்கள் கூறுகின்றன. இவ்வசனத்தில் இடம்பெறும் 'கல்புன் சலீம்' என்ற தொடர் பிற்கால அறநூல்களின் இலக்குச் சொல்லாக அமைந்தது.

83ஆம் அத்தியாயத்தின் 14ஆம் வசனம், மக்கள் தாம் செய்துவந்தவற்றால் அவர்களின் உள்ளங்களின் மேல் ஒரு படலம் படிந்துவிட்டதாகக் கூறுகிறது. இங்கு வரும் 'ரான்' என்ற சொல்லைத் துரு அல்லது மாசுப் படலம் என விரிவுரையாளர்கள் பொருள் கொள்கின்றனர். இதற்கு விளக்கமாக அமையும் நபிமொழி ஒன்றை அபூ ஹுரைரா வழியாகத் திர்மிதி, இப்னு மாஜா ஆகியோரின் தொகுப்புகள் பதிவு செய்துள்ளன. அடியான் ஒருவன் பாவம் செய்யும்போது அவன் உள்ளத்தில் ஒரு கரும்புள்ளி விழுகிறது. அவன் அதிலிருந்து விலகி மன்னிப்பு வேண்டி மீண்டால் உள்ளம் துலக்கப்படுகிறது. மீண்டும் பாவத்துக்கே சென்றால் புள்ளி பெருகி உள்ளம் முழுவதையும் மூடிக்கொள்கிறது என்பது அதன் சாரம்.

புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் நுஃமான் இப்னு பஷீர் வழியாக வரும் மற்றொரு நபிமொழி, உடலில் ஒரு சதைத்துண்டு இருப்பதாகவும், அது சீரானால் உடல் முழுவதும் சீராகும், அது கெட்டால் உடல் முழுவதும் கெட்டுவிடும் என்றும் கூறி, அதுவே உள்ளம் என்று முடிக்கிறது.

குர்ஆனில் தவ்பா

குர்ஆனின் 9ஆம் அத்தியாயம் அத்-தவ்பா என்று பெயர் பெற்றுள்ளது. தவ்பா பற்றிய வசனங்கள் பல அத்தியாயங்களிலும் காணப்படுகின்றன. அவற்றுள் முக்கியமானவை வருமாறு:

- 2:37 - முதல் மனிதராகிய ஆதம், இறைவனிடமிருந்தே மன்னிப்புக்கான சொற்களைப் பெற்று மீண்டார். ஆதமின் பாவம் அவர் வழித்தோன்றல்களைப் பற்றி நிற்பதாக இஸ்லாம் கருதுவதில்லை.
- 2:222 - மீள்பவர்களையும் தூய்மை பேணுபவர்களையும் இறைவன் நேசிப்பதாகக் கூறுகிறது. தவ்பாவும் தூய்மையும் இங்கு இணைத்துச் சொல்லப்படுகின்றன.
- 4:17, 4:18 - அறியாமையால் தீமை செய்து விரைவில் மீள்பவருக்கே தவ்பா உரியது. மரணம் நேர் வந்து நிற்கும்போது மீள்வதாகச் சொல்பவருக்கு அன்று.
- 25:70 - மீண்டு, நம்பிக்கை கொண்டு, நற்செயல் புரிபவரின் தீமைகளை இறைவன் நன்மைகளாக மாற்றுகிறான்.
- 39:53 - தமக்குத் தாமே வரம்பு மீறித் தீங்கிழைத்துக்கொண்டவர்கள் இறையருளில் நம்பிக்கை இழக்கலாகாது.
- 66:8 - நம்பிக்கையாளர்கள் 'நஸூஹ்' ஆன தவ்பாவை மேற்கொள்ளுமாறு பணிக்கிறது. நஸூஹ் என்பது கலப்பற்ற, உண்மையான என்று பொருள்படும்.

இவற்றுள் 4:18, 39:53 ஆகிய இரண்டு வசனங்களும் தவ்பாவின் இரு எல்லைகளைக் காட்டுகின்றன. இன்னும் காலம் இருக்கிறது என்று தள்ளிப்போடுதல் ஓர் ஆபத்து; இனி மீட்சி இல்லை என்று கைவிடுதல் மற்றோர் ஆபத்து. அச்சத்துக்கும் நம்பிக்கைக்கும் இடையில் உள்ளத்தை நிறுத்துவதே தவ்பாவின் பணி என்று அறிஞர்கள் இதிலிருந்து கொள்கின்றனர்.

நபிமொழிகளில் தவ்பா

முகம்மது நபி நாளொன்றுக்கு எழுபது முறைக்கு மேல் மன்னிப்பு வேண்டியதாகப் புகாரியின் தொகுப்பும், நூறு முறை வேண்டியதாக முஸ்லிமின் தொகுப்பும் கூறுகின்றன. முஸ்லிமின் அறிவிப்பில், தம் உள்ளத்தின் மீதும் ஒரு மெல்லிய திரை படிவதுண்டு என்று அவர் கூறியதாகவும் காணப்படுகிறது. நபிமார் பாவத்திலிருந்து காக்கப்பட்டவர்கள் என்று முஸ்லிம்கள் நம்புவதால், இத்திரை எதைக் குறிக்கிறது என்பது பற்றி உரையாசிரியர்கள் விரிவாக விவாதித்துள்ளனர். இடையறாத இறை நினைவில் ஏற்படும் சிறு இடைவெளியையே இது குறிக்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கங்களுள் ஒன்று.

பாலைநிலத்தில் உணவும் நீரும் சுமந்த ஒட்டகத்தைத் தொலைத்துவிட்டு, சாவை எதிர்பார்த்துப் படுத்திருந்தவன், கண் விழித்ததும் அவ்வொட்டகம் தன் அருகில் நிற்கக் கண்டு அடையும் மகிழ்ச்சியைவிட, அடியான் மீளும்போது இறைவன் அடையும் மகிழ்ச்சி பெரிது என்று ஒரு நபிமொழி கூறுகிறது. தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்ற ஒருவன் மீட்சிக்கு வழி கேட்ட கதையும் புகழ்பெற்றது. வழியில்லை என்று சொன்ன துறவியையும் அவன் கொன்றுவிடுகிறான். பின்னர் அறிஞர் ஒருவர் வழி உண்டு என்று சொல்லி, அவன் வாழ்ந்த தீய ஊரை விட்டு நல்லோர் வாழும் ஊருக்குச் செல்லுமாறு பணிக்கிறார். அவன் வழியிலேயே இறந்தாலும் மன்னிக்கப்படுகிறான். சூழலை மாற்றிக்கொள்வதும் தவ்பாவின் பகுதி என்பதற்கு இக்கதை சான்றாகக் காட்டப்படுகிறது.

நிபந்தனைகள்

தமஸ்குவில் வாழ்ந்த அறிஞர் நவவி (1233-1277), தமது ரியாளுஸ் ஸாலிஹீன் நூலின் இரண்டாம் இயலில் தவ்பாவின் நிபந்தனைகளைத் தொகுத்துத் தந்துள்ளார். பாவம் இறைவனுக்கும் மனிதருக்கும் இடைப்பட்டதாக மட்டும் இருப்பின் நிபந்தனைகள் மூன்று:

1. பாவத்தை உடனே கைவிடுதல்
2. செய்ததற்காக வருந்துதல்
3. இனி ஒருபோதும் அதைச் செய்வதில்லை என உறுதி கொள்ளுதல்

பாவம் மற்றொரு மனிதரின் உரிமையைப் பாதித்திருப்பின் நான்காவது நிபந்தனை ஒன்று சேர்கிறது. அது, உரியவருக்கு அவ்வுரிமையைத் திருப்பியளித்தல் அல்லது அவரிடம் விடுவிப்புப் பெறுதல் ஆகும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் தவ்பா நிறைவேறாது.

தவ்பாவுக்கு இடையில் நிற்கும் குருவோ, பாவத்தைக் கேட்டு மன்னிக்கும் அதிகாரம் பெற்ற சமய நிறுவனமோ இஸ்லாமில் இல்லை. ஒருவர் தம் பாவத்தைப் பிறரிடம் அறிவிக்க வேண்டியதில்லை. மாறாக, இறைவன் மறைத்த பாவத்தைத் தாமே வெளிப்படுத்திப் பெருமை பேசுவதை நபிமொழிகள் கண்டிக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபையில் குருவிடம் செய்யப்படும் பாவ அறிக்கையிலிருந்து தவ்பா இவ்வகையில் வேறுபடுகிறது.

தவ்பாவுக்குரிய காலம் உயிர் தொண்டைக்குழியை அடையும்வரை திறந்திருக்கிறது என்று திர்மிதியின் தொகுப்பிலுள்ள நபிமொழி கூறுகிறது. எனினும் அந்த வேளை எப்போது வரும் என்பதை எவரும் அறியார் ஆதலால், தவ்பாவைத் தாமதிப்பதே தனியொரு பாவம் என்று அறிஞர்கள் கருதுகின்றனர்.

மனித உரிமைகளும் தவ்பாவும்

இறைவனின் உரிமை, அடியாரின் உரிமை என இஸ்லாமிய அறிஞர்கள் உரிமைகளை இரண்டாகப் பிரிப்பர். முதலாவதில் இறைவன் பெரிதும் விட்டுக்கொடுப்பவன் என்றும், இரண்டாவதில் உரியவர் விட்டுக்கொடுத்தாலன்றிக் கணக்குத் தீராது என்றும் கூறப்படுகிறது. முஸ்லிமின் தொகுப்பிலுள்ள ஒரு நபிமொழி இதனை விளக்குகிறது. தொழுகை, நோன்பு, ஸகாத் ஆகியவற்றுடன் மறுமைக்கு வரும் ஒருவன், பிறரைத் திட்டியும் அடித்தும் அவர் பொருளை உண்டும் இருந்ததால், அவனுடைய நன்மைகள் அவர்களுக்குப் பங்கிடப்படுகின்றன. நன்மைகள் தீர்ந்த பின் அவர்களின் பாவங்கள் இவன்மேல் சுமத்தப்படுகின்றன. இவனையே நபிகள் உண்மையான திவாலானவன் என்று அழைத்தார்.

எனவே களவாடிய பொருளை வைத்துக்கொண்டு இறைவனிடம் அழுவது தவ்பா ஆகாது. பொருளுக்குரியவர் இறந்திருந்தால் அவர்தம் வாரிசுகளிடம் அதை ஒப்படைக்க வேண்டும். உரியவரைக் கண்டறியவே இயலாதபோது, அவர் பெயரால் அதைத் தருமம் செய்ய வேண்டும் என்பது அறிஞர் பலரின் கருத்து.

புறம் பேசியதற்கான பரிகாரத்தில் கருத்து வேறுபாடு உண்டு. புறம் பேசப்பட்டவரிடம் சென்று மன்னிப்புப் பெற வேண்டும் என்பது ஒரு சாராரின் கருத்து. அவ்வாறு தெரிவிப்பது அவருக்குப் புதிய மனவேதனையை உண்டாக்கும் என்பதால், அவருக்காக இறைவனிடம் வேண்டுவதும், அவரை இழித்துரைத்த அதே அவைகளில் அவர்தம் நற்பண்புகளை எடுத்துரைப்பதும் போதும் என்பது இப்னு தைமிய்யா (1263-1328), அவர்தம் மாணவர் இப்னுல் கையிம் (1292-1350) ஆகியோரின் கருத்து. பாவம் செய்தவரின் மனநிம்மதியைவிடப் பாதிக்கப்பட்டவரின் நலனே முதன்மையானது என்ற எண்ணம் இக்கருத்தின் அடிப்படையாக உள்ளது.

கசாலியின் விளக்கம்

தவ்பாவையும் உள்ளத்தையும் இணைத்து விரிவாக எழுதியவர்களுள் முதன்மையானவர் அபூ ஹாமித் அல் கசாலி (1058-1111) ஆவார். பாரசீகத்தின் தூஸ் நகரில் பிறந்த இவர், பாக்தாதின் நிழாமிய்யா கல்லூரியில் பேராசிரியராகப் புகழின் உச்சியில் இருந்தபோது, 1095ஆம் ஆண்டு பதவியைத் துறந்து வெளியேறினார். பின்னர் இவர் எழுதிய இஹ்யா உலூமித்தீன் நாற்பது பகுதிகளைக் கொண்டது. அதன் 21ஆம் பகுதி உள்ளத்தின் விந்தைகளையும், 31ஆம் பகுதி தவ்பாவையும் விளக்குகின்றன. அழிவுக்கு இட்டுச்செல்லும் பண்புகளைக் கூறும் மூன்றாம் காற்பகுதி உள்ளம் பற்றிய நூலுடனும், மீட்பளிக்கும் பண்புகளைக் கூறும் நான்காம் காற்பகுதி தவ்பா பற்றிய நூலுடனும் தொடங்குவது குறிப்பிடத்தக்கது.

கசாலியின்படி தவ்பா மூன்று கூறுகள் வரிசையாக அமைந்த ஒன்றாகும். முதலாவது அறிவு: பாவம் தனக்கும் தான் நேசிக்கும் இறைவனுக்கும் இடையே திரையிடுகிறது என அறிதல். இரண்டாவது நிலை: அவ்வறிவினால் உள்ளத்தில் எழும் வேதனை. மூன்றாவது செயல்: பாவத்தை இப்போது விடுதல், எதிர்காலத்தில் விலகியிருக்க உறுதி பூணுதல், கடந்ததைச் சரிசெய்தல். அறிவு இல்லையேல் வேதனை பிறக்காது. வேதனை இல்லையேல் செயல் நிலைக்காது.

உள்ளத்தை அவர் கண்ணாடிக்கு ஒப்பிடுகிறார். அக்காலத்துக் கண்ணாடிகள் துலக்கப்பட்ட உலோகத்தால் ஆனவை. மூச்சுக்காற்றின் ஈரம் தொடர்ந்து பட்டால் அவை மங்கித் துருவேறும். கண்ணாடியின்மேல் மூச்சு விடுவதை நிறுத்திவிட்டால் மட்டும் அதில் உருவம் தெரியாது. முன்பு படிந்த மாசைத் துடைக்கவும் வேண்டும். அதுபோலவே பாவத்தை நிறுத்துவதோடு அமையாமல், அது விட்டுச்சென்ற தடத்தை நற்செயல்களால் அழிக்க வேண்டும் என்பது கசாலியின் வாதம். நோய்க்கு அதன் எதிர்ப்பண்புடைய மருந்தைத் தருவதைப்போல, ஒவ்வொரு பாவத்தையும் அதற்கு நேர் எதிரான நற்செயலால் மாற்ற வேண்டும் என்றும் அவர் கூறுகிறார். பிறர் பொருளைப் பறித்தவர், அதைத் திருப்பித் தந்த பின்னும், தம் நேரிய சம்பாத்தியத்திலிருந்து தருமம் செய்தல் வேண்டும். பிறரைத் துன்புறுத்தியவர் மக்களுக்கு நன்மை செய்தல் வேண்டும்.

தவ்பா ஏற்கப்படுமா என்ற ஐயத்துக்கு அவர் துணி வெளுக்கும் உவமையால் விடை தருகிறார். சவுக்காரம் அழுக்கைப் போக்குவது எவ்வளவு இயல்போ, அவ்வளவு இயல்பாக உண்மையான வருத்தம் உள்ளத்தின் கறையைப் போக்கும். ஆனால் நாவால் மட்டும் மீண்டேன் என்று சொல்வது, துணியைத் தொடாமலேயே வெளுத்துவிட்டேன் என்று வண்ணான் சொல்வதற்கு ஒப்பாகும். அச்சொல்லால் துணி வெளுப்பதில்லை. மேலும், அழுக்கு நெடுங்காலம் ஊறி நூலிழைக்குள் புகுந்துவிட்டால் சவுக்காரமும் பயன்படாமற் போகலாம் என அவர் எச்சரிக்கிறார்.

சிறு பாவங்கள் பெரும் பாவங்களாக வளரும் வழிகளையும் கசாலி பட்டியலிடுகிறார். தொடர்ந்து செய்தல், அற்பமாகக் கருதுதல், செய்து மகிழ்தல், இறைவன் மறைத்ததை வெளிப்படுத்துதல் ஆகியன அவற்றுட் சில. பிறர் பின்பற்றும் நிலையிலுள்ள அறிஞர் செய்யும் சிறு பாவமும் பெரிதாகும். ஏனெனில் அவர் இறந்த பின்னரும் அவரைக் கண்டு பிறர் அதைச் செய்வர்.

சூஃபி மரபில்

சூஃபிகளின் ஆன்மிகப் பயணத்தில் மகாம் எனப்படும் படிநிலைகள் பல உள்ளன. அவற்றுள் முதற்படி தவ்பா என்பது பொதுவான கருத்தாகும். நீஷாபூரைச் சேர்ந்த குஷைரி (இ. 1072) தமது அர்-ரிஸாலாவில் படிநிலைகளைத் தவ்பாவிலிருந்தே தொடங்குகிறார். ஹெராத் நகரத்து அன்ஸாரியின் நூலுக்கு உரை எழுதிய இப்னுல் கையிம், தவ்பா தொடக்கம் மட்டுமன்று, நடுவும் முடிவும் அதுவே என்று வாதிட்டார். எந்நிலையை அடைந்தவரும் தவ்பாவை விட்டு நீங்குவதில்லை என்பது அவர் கருத்து.

பாவத்தை நினைவில் வைத்திருக்க வேண்டுமா, மறக்க வேண்டுமா என்பது சூஃபிகளிடையே நடந்த புகழ்பெற்ற விவாதமாகும். தவ்பா என்பது பாவத்தை மறவாதிருத்தல் என்றார் பாக்தாதின் ஸரீ அஸ்ஸகதீ. பாவத்தை மறந்துவிடுதலே தவ்பா என்ற மறுப்பை அவர்தம் மருமகனும் மாணவருமான ஜுனைத் (இ. 910) ஆதரித்தார். இறைவன் ஒருவரைத் தூய்மையான நிலைக்கு அழைத்துக்கொண்ட பிறகு, பழைய விலகலை நினைத்துக்கொண்டிருப்பதே ஒரு விலகலாகும் என்பது ஜுனைதின் விளக்கம். முதற்கருத்து பயணத்தைத் தொடங்குவோருக்கும், இரண்டாவது கருத்து முதிர்ந்தோருக்கும் பொருந்தும் எனப் பின்வந்தோர் இவ்விரண்டையும் இணக்கப்படுத்தினர்.

எகிப்தின் துன்னூன் (9ஆம் நூற்றாண்டு), பொதுமக்களின் தவ்பா பாவங்களிலிருந்து என்றும், சிறப்புற்றோரின் தவ்பா இறை மறதியிலிருந்து என்றும் வேறுபடுத்தினார். நாம் கோரும் மன்னிப்பில் உண்மை குறைவாக இருப்பதால், அதற்காகவும் மன்னிப்புக் கோர வேண்டியுள்ளது என்ற கருத்து பஸ்ராவின் ராபிஆ அல் அதவிய்யாவுடையதாகக் கூறப்படுகிறது. அலெக்சாந்திரியாவின் இப்னு அதாவுல்லாஹ் (இ. 1309), பெருமையை வளர்க்கும் வழிபாட்டைவிடப் பணிவைத் தரும் பாவம் மேலானது எனக் கருதினார். பாவத்தை ஊக்குவிப்பது இதன் நோக்கமன்று. தம் தூய்மையைக் குறித்துக் கொள்ளும் செருக்கும் உள்ளத்தின் கறையே என்பதை உணர்த்துவதே நோக்கமாகும்.

சியா மரபில்

ஷரீஃப் ரளீ தொகுத்த நஹ்ஜுல் பலாகாவில், தம் முன்னிலையில் மன்னிப்பு வேண்டும் சொல்லை மேம்போக்காகச் சொன்ன ஒருவரை இமாம் அலீ கண்டித்து, மன்னிப்பு வேண்டுதலுக்கு ஆறு பொருள்களைக் கூறியதாக உள்ளது. கடந்ததற்கு வருந்துதல், மீண்டும் செய்யாதிருக்க உறுதி கொள்ளுதல், மக்களின் உரிமைகளைத் திருப்பியளித்தல், தவறவிட்ட கடமைகளை நிறைவேற்றுதல், தகாத வருவாயால் வளர்ந்த சதையைத் துயரத்தால் கரைத்தல், பாவத்தின் இனிமையை நுகர்ந்த உடலுக்கு வழிபாட்டின் கடினத்தை உணர்த்துதல் என்பன அவை.

நான்காம் இமாம் ஸைனுல் ஆபிதீன் பெயரில் வழங்கும் பதினைந்து இரகசிய வேண்டுதல்களுள் முதலாவது மீள்வோரின் வேண்டுதல் என்றே பெயர் பெற்றுள்ளது. 680ஆம் ஆண்டு கர்பலாவில் இமாம் ஹுசைன் கொல்லப்பட்டபோது அவருக்கு உதவத் தவறிய கூஃபா நகரத்தார் சிலர், தவ்வாபீன் (மீள்வோர்) என்ற பெயரில் திரண்டனர். சுலைமான் இப்னு சுரத் தலைமையில் அவர்கள் ஹுசைனின் அடக்கத்தலத்தில் அழுது வருந்திய பின் உமையாப் படையுடன் போரிட்டு, 685ஆம் ஆண்டு ஐனுல் வர்தாவில் பெரும்பாலும் மாண்டனர். தவ்பா ஒரு கூட்டத்தாரின் பொதுச் செயலாக வடிவெடுத்த நிகழ்வாக இது கருதப்படுகிறது.

இறையியலிலும் சட்டத்திலும்

பெரும் பாவம் செய்து மீளாமல் இறந்தவரின் நிலை பற்றிய கேள்வி, தொடக்ககால இஸ்லாமிய இறையியல் பிரிவுகள் தோன்றக் காரணங்களுள் ஒன்றாயிற்று. காரிஜியர் அவரை நம்பிக்கையிலிருந்து வெளியேறியவராகக் கொண்டனர். முஃதஸிலாக்கள் நம்பிக்கைக்கும் மறுப்புக்கும் இடைப்பட்ட நிலையில் வைத்தனர். சுன்னிப் பிரிவினர் அவரைப் பாவியாகிய நம்பிக்கையாளராகவே கருதி, அவர் முடிவை இறைவனின் விருப்பத்துக்கு விட்டனர்.

தவ்பாவை ஏற்பது இறைவனுக்குக் கடமை என முஃதஸிலாக்கள் கருத, அது இறைவனின் அருளேயன்றி அவன்மீது எவரும் சுமத்தும் கடமையன்று என அஷ்அரிகள் மறுத்தனர். ஒரு பாவத்தைத் தொடர்ந்துகொண்டே மற்றொன்றிலிருந்து மீள முடியுமா என்பது மற்றொரு விவாதமாகும். முஃதஸிலா அறிஞர் அபூ ஹாஷிம் அல் ஜுப்பாயீ (இ. 933) முடியாது என்றார். சுன்னி அறிஞர்களுள் பெரும்பாலோர் அது செல்லும் என்றனர். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விட முடியாத மனிதர் ஒன்றையாவது விடுவதற்கு இக்கருத்து இடமளிக்கிறது.

சட்டத்தில், கற்புள்ள பெண்மீது ஆதாரமின்றிப் பழி சுமத்தியவரின் சாட்சியம் ஏற்கப்படாது என்றும், பின்னர் மீள்பவருக்கு விலக்கு உண்டு என்றும் குர்ஆன் 24:4, 24:5 வசனங்கள் கூறுகின்றன. தவ்பாவுக்குப் பின் அவர் சாட்சியம் ஏற்கப்படும் என்பது மாலிகி, ஷாஃபி, ஹன்பலி பள்ளிகளின் நிலைப்பாடு. அவ்விலக்கு பாவி என்ற பெயரை மட்டுமே நீக்கும், சாட்சியத் தகுதியை மீட்டுத் தராது என்பது ஹனஃபி பள்ளியின் நிலைப்பாடு. இறைவனின் மன்னிப்பும் சமூகத்தின் நம்பிக்கையும் ஒன்றா என்ற கேள்வி இவ்வேறுபாட்டின் உள்ளே இருக்கிறது.

இரு எடுத்துக்காட்டுகள்

630ஆம் ஆண்டு நிகழ்ந்த தபூக் படையெடுப்பில் தக்க காரணமின்றிக் கலந்துகொள்ளாதவர்களுள் மதீனாவின் கவிஞர் கஅப் இப்னு மாலிக்கும் ஒருவர். நபிகள் திரும்பியதும் பலர் பொய்க் காரணங்களைச் சொல்லித் தப்பினர். கஅபும் வேறு இருவரும் உண்மையை ஒப்புக்கொண்டனர். அம்மூவருடனும் எவரும் பேசலாகாது என்று ஆணையிடப்பட்டது. ஐம்பது நாள்கள் அவ்விலக்கம் நீடித்தது. அந்நாள்களில் கஸ்ஸான் மன்னன் தன்னிடம் வந்துவிடுமாறு எழுதிய மடலைக் கஅப் அடுப்பிலிட்டு எரித்தார். இறுதியில் 9:118ஆம் வசனம் அவர்களின் மீட்சியை அறிவித்தது. பரந்த பூமியும் அவர்களுக்குக் குறுகிப்போனதையும், அவர்கள் மீளும்பொருட்டு இறைவன் முதலில் அவர்கள்பால் திரும்பியதையும் அவ்வசனம் கூறுகிறது. தவ்பாவின் தொடக்கமே இறைவனின் அருள் என்பதற்கு இவ்வசனம் மேற்கோளாகிறது.

ஃபுளைல் இப்னு இயாள் (இ. 803) பற்றிய மரபுக் கதையும் பரவலாக அறியப்பட்டது. அபீவர்து, ஸரக்ஸ் ஆகிய ஊர்களுக்கு இடையே வழிப்பறி செய்துவந்த அவர், ஓரிரவு தாம் விரும்பிய பெண்ணைக் காணச் சுவரேறியபோது, உள்ளங்கள் பணிவதற்கு இன்னும் நேரம் வரவில்லையா எனக் கேட்கும் 57:16ஆம் வசனம் ஓதப்படுவதைக் கேட்டு மனம் மாறினார். அவ்விரவே வழிப்போக்கர்கள் சிலர் ஃபுளைலுக்கு அஞ்சிப் பயணத்தைத் தள்ளிவைப்பது அவர் காதில் விழுந்தது. தாம் பிறர் உள்ளத்தில் விதைத்த அச்சத்தை அவர் அப்போது உணர்ந்தார் எனக் கதை கூறுகிறது. பின்னர் அவர் மக்காவில் வாழ்ந்து, அறிஞராகவும் துறவியாகவும் போற்றப்பட்டார்.

நடைமுறை

ஒவ்வொரு கடமைத் தொழுகைக்குப் பின்னும் மூன்று முறை மன்னிப்பு வேண்டுவது நபிவழியாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பாவம் செய்துவிட்டவர் உடல் தூய்மை செய்து இரண்டு ரக்அத் தொழுது மன்னிப்பு வேண்டுவது தவ்பாத் தொழுகை எனப்படும். இரவின் கடைசி மூன்றிலொரு பகுதியும், ரமலான் மாதத்தின் இறுதிப் பத்து இரவுகளும் மன்னிப்பு வேண்டுதற்குச் சிறந்த காலங்களாகக் கருதப்படுகின்றன. நாள் முடிவில் தம் செயல்களைத் தாமே கணக்குப் பார்க்கும் முஹாஸபா என்னும் பயிற்சியும் அறநூல்களில் வலியுறுத்தப்படுகிறது. பாக்தாதின் அல் முஹாஸிபீ (இ. 857) இப்பயிற்சியாலேயே அப்பெயர் பெற்றார்.

மீண்ட பின்னும் அதே பாவத்தில் விழுபவரின் நிலை என்ன என்பது அடிக்கடி எழும் வினாவாகும். ஓர் அடியான் பாவம் செய்து மன்னிப்பு வேண்டி, மீண்டும் செய்து மீண்டும் வேண்டும்போதெல்லாம், பாவத்தை மன்னிக்கவும் தண்டிக்கவும் வல்ல இறைவன் தனக்கு உண்டு என்பதை அவன் அறிந்திருக்கிறான் எனக் கூறி இறைவன் மன்னிப்பதாகப் புகாரி, முஸ்லிம் தொகுப்புகளிலுள்ள நபிமொழி கூறுகிறது. உறுதி கொண்ட வேளையில் அவ்வுறுதி உண்மையாக இருந்திருப்பின், பின்னர் நிகழும் சறுக்கல் முந்தைய தவ்பாவை அழிப்பதில்லை என்பது அறிஞர் பெரும்பாலோரின் முடிவு. மீண்டும் செய்யும் எண்ணத்தை உள்ளே வைத்துக்கொண்டு சொல்லும் சொல்லோ தொடக்கத்திலேயே தவ்பா ஆவதில்லை.